இன்னும் ஆறு மாதம் புகைய அனுமதி வேண்டி

புகையை அளப்பது சுலபமான தொழில். அந்தப் புகை ஏன் இன்னும் ஆறு மாதத்துக்கு இப்படியே இருந்தாக வேண்டும் என்று மரியாதையாக எழுதித் தருவதுதான் கஷ்டமான தொழில். நான் இரண்டையும் செய்கிறேன். துபாயில் ஒரு சின்ன சுற்றுச்சூழல் ஆலோசனைக் கம்பெனியில் வேலை. ஒரு தொழிற்சாலைச் சிம்னியிலிருந்து எவ்வளவு தூசு வெளியே போகலாம் என்று அரசாங்கம் ஓர் அளவு வைத்திருக்கிறது. அதைத் தாண்டுகிறவர்கள் ஃபில்டர் வாங்கி மாட்டலாம். இல்லையென்றால் எங்களிடம் வந்து, விதியிலிருந்து விலக்கு கேட்டு விண்ணப்பம் எழுதி வாங்கலாம். எங்கள் கம்பெனி நன்றாக நடக்கிறது என்பதிலிருந்தே, பெரும்பாலோர் எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அடுத்தவருக்காகக் காரணம் எழுதிப் பிழைப்பவர்கள், மேனேஜர் சொன்ன வாக்கியத்துக்குக் கீழே தங்கள் பெயரைப் போட்டுவிட்டுத் தூக்கம் வராமல் புரள்பவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவன் நான். கையெழுத்துக்கு ஒரு மதிப்பு வந்த முதல் ஆளும் நான்தான். அதனால் பேனா மூடியைத் திறக்கவே எனக்குப் பயம்.

பெட்ரோல் பங்க்

வேலை கிடைத்ததும் ஊருக்குப் போன் பண்ணினேன். என்ன வேலை என்று அப்பா கேட்டார். "புகையை அளந்து சர்டிபிகேட் குடுக்கற வேலைப்பா" என்றேன். சுருக்கமாகச் சொன்னால் புரியும் என்று நினைத்தது என் தப்பு. அப்பாவுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. அன்றைக்கே டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

நம் ஊரில் பெட்ரோல் பங்க் ஓரமாக ஒரு பழைய ஆம்னி வேன் நிற்கும், பார்த்திருப்பீர்கள். பைக் சைலன்சருக்குள் ஒரு குழாயைச் சொருகி, நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்து, ஒரு தாளை நீட்டுவார்கள். எங்கள் ஊருக்குத் தெரிந்த புகை சர்டிபிகேட் அது ஒன்றுதான். நான்கு வருஷம் இன்ஜினியரிங் படித்து, அரியலூரிலிருந்து கிளம்பி விமானம் ஏறிப் போய், துபாயில் வேன் ஓரமாக நின்று சைலன்சரில் குழாய் சொருகுகிறேன் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் மாமா கூப்பிட்டார். குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

"இதுக்கு எதுக்கு மாப்ள பிளேன் ஏறுன? நம்ம செந்துறை ரோட்டு பங்க்லயே ஆள் வேணும்னு போர்டு தொங்குதுல்ல."

அளக்கக் கூடாதது

எனக்கு ஒப்படைக்கப்பட்ட முதல் வாடிக்கையாளர் சாகுல் பாய். கீழக்கரைக்காரர். துபாயின் தொழிற்பேட்டையான அல் கூஸில் அலுமினியப் பழைய சாமான்களை உருக்கிக் கட்டியாக வார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். ஜன்னல் சட்டம், கார் சக்கரம், குளிர்பான டப்பா என்று எல்லாம் அந்த உலைக்குள் போகும். பெயின்ட்டும் எண்ணெயும் ஒட்டிய சாமான் போனால் சிம்னியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு மேகம் கிளம்பும். அளவைத் தாண்டிய மேகம். ஆனாலும் பாய்க்குப் பல தவணைகளாக விலக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் போனதும் நேரே சிம்னியில் ஏறப் பார்த்தேன். விடுவாரா? ஆபீசில் உட்கார வைத்து, காவா என்கிற அரபுக் காப்பி கொடுத்து, பேரீச்சம்பழத் தட்டை நீட்டி, தூபக்காலில் பக்கூர் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அத்தர் ஊறிய மரத்துண்டுகள் கரி நெருப்பில் புகைய, விருந்தாளியின் முகத்தருகே ஒரு சுற்று காட்டுவது இங்கே வழக்கம். பாயின் அரபுப் பார்ட்னர் வீட்டில் பழகியது, இப்போது பாய்க்கே அது இல்லாமல் முடியாது. அந்த நேரம் பார்த்து என் மடியில் இருந்த தூசு மீட்டரை ஆன் பண்ணி வைத்திருந்தேன். அது கத்த ஆரம்பித்தது. நான் பயந்துபோய், "பாய், உங்க ஆபீஸ்ல லிமிட் தாண்டிடுச்சு" என்றேன். அவர் தூபக்காலை என் சட்டைக் காலருக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"இது புகையில்ல தம்பி, மரியாதை. இத அளக்கக் கூடாது, மிஷின மூடி வைங்க."

மிளகாய்க்கு என்ன சட்டம்

துபாயின் பழைய கடைத்தெருவான தேராவில் கடை வைத்திருந்த ஒரு மசாலா வியாபாரி, தன் அரவை மில்லுக்கு விலக்கு கேட்டு வந்தார். மில்லிலிருந்து பறப்பது மிளகாய்த்தூள், மிளகாய் உணவுப் பொருள், உணவுப் பொருள் எப்படி மாசு ஆகும் என்பது அவர் வாதம். கேட்கும்போது எனக்கே நியாயமாகப் பட்டது. அப்படியே எழுதினேன்.

அரசாங்கத்திலிருந்து பரிசோதிக்க வந்தவர் ஷம்சா மேடம். இந்தக் கதையில் இனிமேல் அடிக்கடி வருவார், அதனால் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுப் பெண், என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவராக இருப்பார். கறுப்பு அபாயாவுக்கு மேலே பாதுகாப்பு ஹெல்மெட், கையில் ஒரு சின்ன காவா பிளாஸ்க். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. அவர் மில்லுக்குள் நுழைந்து, "ஓடவிடுங்கள்" என்றார். ஓடவிட்டார்கள். ஒரே நிமிஷத்தில் மில்லில் இருந்த அத்தனை பேரும் தும்மினோம். வியாபாரி மட்டும், உணவுப் பொருளுக்குத் தும்மக் கூடாது என்ற கொள்கையில், கண்ணில் நீர் வழிய விறைப்பாக நின்றார். ஷம்சா மேடம் வாசலுக்குப் போய், மூச்சு வாங்கி, பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் காவா குடித்துவிட்டுச் சொன்னார்.

"விலக்கு தருகிறேன், மில்லுக்கு அல்ல, எனக்கு. அடுத்த முறை இங்கே வேறு அதிகாரி வருவார்."

காற்றில்லாத நாள்

எங்கள் மேனேஜர் ராகவன் சார் சென்னைக்காரர். குடும்பத்தோடு ஷார்ஜாவில் இருக்கிறார். கெட்டவர் இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வீட்டிலிருந்து எனக்கும் சேர்த்து இட்லி கொண்டுவருவார். விண்ணப்பத்துக்கான காரணங்களையும் அதே அன்போடு கொண்டுவருவார். உதிரி பாகம் வரவில்லை, டெக்னீஷியனுக்கு விசா வரவில்லை, அளந்த அன்று மணல் காற்று அடித்தது. இதில் மணல் காற்று அவருக்கு உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் கொஞ்சம் போடுவார்.

எனக்குத்தான் சந்தேக புத்தி. ஒரு விண்ணப்பத்தில் மணல் காற்று என்று எழுதுமுன், அந்தத் தேதிக்கு வானிலைத் தகவலைத் தேடிப் பார்த்தேன். அன்று காற்றே இல்லை. நான் பரிசோதனைக் காலத்தில் இருந்தேன். வேலை உறுதி ஆகவில்லை, ஒரு கடிதம் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனாலும் தயங்கித் தயங்கி, காரணக் கட்டத்தில் "மணல் காற்று இல்லை" என்று திருத்திக் கொண்டுபோய் வைத்தேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபிக்கவில்லை. என் எதிர்காலத்தை நினைத்துக் கவலைப்பட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"மதி, இது பாலைவனம். இங்க மணல் இல்லைன்னு எழுதினீங்கன்னா, நம்ம எழுதற வேற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க."

கரை சேராத கப்பல்

சாகுல் பாயின் விலக்கு மறுபடியும் முடியப் போகிறது என்று, நீட்டிப்பு விண்ணப்பம் எழுத என்னிடம் வந்தது. பழைய விண்ணப்பங்களைப் படித்தேன். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எழுதியவை. எல்லாவற்றிலும் ஒரே காரணம். ஃபில்டர் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது, கப்பலில் வந்துகொண்டிருக்கிறது. ஒரு விண்ணப்பத்தில் கப்பல் கொழும்பில் நிற்கிறது. அடுத்ததில் இயந்திரக் கோளாறு. அதற்கடுத்ததில் புயல். "கப்பல் பேர் என்ன பாய்?" என்று கேட்டேன். பாய் மேலே பார்த்து, "எல்லாம் அவன் செயல் தம்பி" என்றார். சார் அதே வாக்கியத்தைப் போடச் சொன்னார். நான் கப்பலை விட்டுவிட்டு, "தாமதமாகிறது" என்று மட்டும் எழுதினேன். அது பொய் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஷம்சா மேடம் என்னையும் பாயையும் கூப்பிட்டார். இனிமேல் காகிதம் போதாது, உலை ஓடும்போது நானே வந்து அளவைப் பார்ப்பேன், தாண்டினால் உலைக்கு சீல் என்று அமைதியாகச் சொன்னார். பாய் வழக்கம்போலக் கப்பலை ஆரம்பித்தார். மேடம் பழைய விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே கேட்டார். பிறகு மூடி வைத்தார்.

"அந்தக் கப்பலில் வேலை செய்கிறவர்களுக்கு விலக்கு கேட்டு எழுதுங்கள், இப்போதே தருகிறேன். பாவம், வீட்டைப் பார்த்து எத்தனை வருஷமாகிறதோ."

கீழ்க் கட்டில்

என் அறையும் அல் கூஸில்தான். இரும்பு அடுக்குக் கட்டில், மேலே நான், கீழே செல்வராசு அண்ணன். ஜெயங்கொண்டம் பக்கம். இந்த ஊருக்கு வந்த முதல் வாரம் எனக்கு பஸ் கார்டு வாங்கிக் கொடுத்து, எந்தக் கடையில் பொன்னி அரிசி கிடைக்கும் என்று காட்டியவர். சாகுல் பாய் பட்டறையில் உலைக்கு முன்னால் நிற்பதுதான் அவர் வேலை. பட்டறையின் சிம்னி எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும். காற்று இந்தப் பக்கம் திரும்பினால் கொடியில் காயும் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். அண்ணனுக்கு எப்போதும் ஓர் இருமல் உண்டு. ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்பார்.

உலைக்கு சீல் வைக்கலாம் என்ற செய்தி எனக்கு முன்னால் அறைக்கு வந்து சேர்ந்திருந்தது. சீல் வைத்தால் ஆட்களை லீவில் ஊருக்கு அனுப்புவார்கள். அந்த லீவில் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. அண்ணனின் மகள் திருச்சியில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், இரண்டாம் வருஷம். ஞாயிற்றுக்கிழமை, கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நான் மெதுவாக, "அண்ணே, அந்தப் புகை உங்க நெஞ்சுக்கும் நல்லதில்லண்ணே" என்று ஆரம்பித்தேன். அவர் கரண்டியை நிறுத்தவில்லை.

"நெஞ்ச நான் பாத்துக்கறேன் தம்பி. நீ அந்த பர்னஸ் அணையாம பாத்துக்க."

மேடம் வந்த நாள்

ஆகஸ்ட் மாதம். காலையிலேயே சிம்னி ஏணியைக் கையுறை இல்லாமல் தொட முடியவில்லை. பட்டறை அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. தரை கழுவி, ஆட்களுக்கெல்லாம் புதுச் சீருடை கொடுத்து, வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். செல்வராசு அண்ணன் தலையைப் படிய வாரியிருந்தார். மோட்டார்கள் எல்லாம் சத்தமாக ஓடிக்கொண்டிருந்தன. "எல்லாம் ஃபுல் ஓட்டத்துல இருக்கு தம்பி" என்றார் சாகுல் பாய். நான் மேலே ஏறி, சிம்னியின் பக்கவாட்டுத் துளையில் குழாயைச் செருகினேன். அந்தக் குழாய் உள்ளே இருக்கும் காற்றை இழுத்து, தூசை ஒரு வெள்ளை வடிதாளில் சேர்க்கும். சூட்டையும் காட்டும்.

சூடுதான் முதலில் இடித்தது. உருக்கும் உலையின் சிம்னி கொதிக்க வேண்டும். இது வெளியே இருந்த வெயில் அளவுக்குத்தான் இருந்தது. உலையை அணைத்துவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டிருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. கீழே வந்து எண்ணைச் சொன்னேன். "சூடாத்தானே மேடம் இருக்கு?" என்றார் பாய். "வெளியே நிற்கும் என் காரும் சூடாகத்தான் இருக்கிறது" என்றார் ஷம்சா மேடம்.

ஆனால் உலை அணைந்திருந்தால் வடிதாள் வெள்ளையாக அல்லவா இருக்க வேண்டும்? பழுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மேடம் தாளை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். பிறகு நேராக உலைப் பக்கம் நடந்தார். மேடம் வருகிறார், மணக்க மணக்க இருக்க வேண்டும் என்று பாய் சொல்லியிருக்கிறார். அண்ணனும் மற்றவர்களும் அணைந்த உலையைச் சுற்றித் தூபக்கால்களை வைத்து, உயர்ந்த ரக ஊத் கட்டையை, அதாவது அகில் கட்டையை, அள்ளிப் போட்டிருக்கிறார்கள். உலைக்கு மேலே, புகையை இழுத்துச் சிம்னிக்கு அனுப்பும் தகரக் கூடு இருக்கிறது. அது தன் கடமையைச் செய்திருக்கிறது. அல் கூஸ் வானத்தில் அன்று ஊத் மணம். உலை ஓடியிருந்தாலும் மாட்டியிருப்பார்கள். ஓடாமலும் மாட்டியது மரியாதையால்தான். மேடம் ஒரு தூபக்காலைக் குனிந்து பார்த்தார்.

"மிஸ்டர் சாகுல், என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு ஊத் எரிக்கவில்லை. இந்தச் செலவுக்கு நீங்கள் ஃபில்டரே வாங்கியிருக்கலாம்."

கட்டம் இல்லாத இடம்

ஒரு வாரத்துக்குள் எங்கள் கம்பெனி எழுத்தில் விளக்கம் தர வேண்டும், அதைப் பார்த்து முடிவு செய்வேன் என்று சொல்லிவிட்டு மேடம் போய்விட்டார். ராகவன் சார் அன்று மாலைக்குள் ஒரு வாக்கியம் தயார் செய்துவிட்டார். "அளவீட்டின்போது வரவேற்பு ஏற்பாடுகளால் தற்காலிக இடையூறு ஏற்பட்டதால், மறு அளவீட்டுக்கு ஆறு மாத அவகாசம் கோரப்படுகிறது." படித்தால் எங்கும் பொய் இல்லை. அழகான வாக்கியம். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"சார், பர்னஸ் ஆஃப் பண்ணியிருந்தாங்க. அத எழுத வேணாமா?" என்றேன். எழுதினால் பட்டறைக்கு சீல், எங்களுக்கு ஒரு வாடிக்கையாளர் போச்சு, எனக்கு வேலை உறுதி ஆவதும் சந்தேகம். எழுதாவிட்டால் அந்த மேகம் இன்னும் ஆறு மாதம் எங்கள் ஜன்னலுக்கு வரும், அதன் கீழே என் பெயர் இருக்கும். சார் விண்ணப்பப் படிவத்தை என் பக்கம் திருப்பி, ஒவ்வொரு கட்டமாக விரலால் காட்டினார். காரணம், கால அவகாசம், இணைப்புகள், கையெழுத்து.

"நீங்க சொல்றதெல்லாம் உண்மைதான் மதி. ஆனா பாருங்க, அதுக்குன்னு கட்டமே குடுக்கலையே."

வெங்காயம்

அறைக்கு வந்தேன். செல்வராசு அண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஊத் வைத்தது தன் தப்பு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "நான் வைக்கலன்னா அந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சிருக்காது இல்ல?" என்று கேட்டார். சூட்டை வைத்தே தெரிந்துவிட்டது என்றேன். கொஞ்சம் ஆறுதலானார்.

பிறகு நான் சொன்னேன். உலை அணைந்திருந்ததை எழுதப் போகிறேன், எழுதாமல் கையெழுத்துப் போட எனக்குக் கை வராது என்று. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. உரித்த வெங்காயத்தையெல்லாம் ஒரு தட்டில் சேர்த்து, கத்தியைத் துடைத்து வைத்தார்.

"எழுது தம்பி, படிச்ச புள்ள, உண்மையத்தான் எழுதணும். அப்படியே எனக்குத் திருச்சிக்கு ஒரு டிக்கெட்டும் சேத்து எழுதிடு, ஜன்னலோரமா."

ஆர்டர்

இரண்டு நாள் எழுதாமல் இழுத்தடித்தேன். கடைசியில் சாகுல் பாயிடமே போனேன். ஃபில்டருக்கு இன்று ஆர்டர் கொடுத்தால், அந்த ரசீதை இணைத்து, ஆட்களை அனுப்பாமல் பட்டறையை ஓட்ட ஒரு வழி கேட்டு எழுதிப் பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். விதிகள், அபராதம், மக்கள் ஆரோக்கியம் என்று வழியெல்லாம் பேசிப் பழகிக்கொண்டே போனேன். ஒன்றும் தேவைப்படவில்லை. பாய் ஏற்கெனவே விலைப்பட்டியல்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். அன்று எனக்குக் காவா வந்தது. பக்கூர் வரவில்லை.

இத்தனை வருஷ நோட்டீசுகள் செய்யாததை எது செய்தது என்று கேட்டேன். சட்டமா, மேடமா?

"மண்ணாங்கட்டி. தேராவுல ஒரு டீக்கடைக்குப் போக முடியல தம்பி. 'சிம்னிக்கு ஊத் புடிச்ச சாகுல் வர்றாரு'ங்கறானுவ, நம்ம ஊர்க்காரப் பயலுவளே."

மணல் இல்லாத விண்ணப்பம்

படிவத்தில் கட்டம் இல்லாததால், தனித்தாளில் எழுதி இணைத்தேன். அளந்த அன்று உலை அணைக்கப்பட்டிருந்தது. வடிதாளில் இருப்பது ஊத். கப்பல் எதுவும் வந்துகொண்டிருக்கவில்லை; ஃபில்டர் இப்போதுதான் ஆர்டர் செய்யப்பட்டது, ரசீது இணைப்பில். சீல் வைத்தால் தவறு செய்யாத தொழிலாளிகள்தான் முதலில் ஊருக்குப் போவார்கள். ஆகவே ஃபில்டர் வரும்வரை பெயின்ட்டும் எண்ணெயும் இல்லாத சுத்தமான சாமான்களை மட்டும் உருக்கவும், எப்போது வேண்டுமானாலும் சொல்லாமல் வந்து பார்க்கவும் சம்மதம். ஆறு மாதம் என்று கேட்கவில்லை.

ராகவன் சார் இரண்டு முறை படித்தார். கிழித்துப் போடவில்லை. "கீழ உங்க பேர் மட்டும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அந்தத் திங்கட்கிழமையும் இட்லி டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மறுநாள் ஷம்சா மேடத்தின் முன்னால் நின்றேன். ஃபைலை நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்து, மூன்று மாதம் என்று எழுதி முத்திரை குத்தி, அதன் பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த விண்ணப்பத்தில் ஒரு பிடி மணல்கூட இல்லையே. நீங்கள் இந்த நாட்டுக்குப் புதிதா?"

முதுகுக்கு வந்தது

நிஜமான கப்பல் ஒன்று நிஜமாகவே வந்தது. உயரமான இரும்புப் பெட்டி, அதற்குள் வரிசையாகத் தொங்கும் நீளத் துணிப் பைகள். சிம்னிக்குப் போகிற புகை அதற்குள் நுழைந்து, தூசைப் பைகளில் விட்டுவிட்டு வெளியே போகும். மேடம் சொல்லாமல் வந்தார், உலை கொதித்துக்கொண்டிருந்தது, அளவு விதிக்குள் இருந்தது. யாரையும் லீவில் அனுப்பவில்லை. அறையில் கொடிச் சட்டை வெள்ளையாகவே காய்ந்தது. அதை எடுத்து மடிக்கும்போது செல்வராசு அண்ணனிடம், கொஞ்சம் பெருமையாகவே, "எப்படிண்ணே இருக்கு இப்ப?" என்று கேட்டேன்.

பைகளில் சேரும் தூசு தானாக மறைந்துவிடாது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. அதைத் தட்டி எடுத்து, சாக்கில் கட்டி, ஓரமாக அடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக அண்ணனைப் போட்டிருந்தார்கள். முகமூடி கேட்டு பாயிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டால் மூச்சு முட்டுகிறது என்றார். டிக்கெட் பேச்சை அவர் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

"முன்னல்லாம் அது பாட்டுக்கு மேல போச்சு. இப்ப கட்டி என் முதுகுல ஏத்துறானுவ. நீ நல்லவன்தான்டா தம்பி, ஆனா எனக்கு ஒரு வேலைய கூட்டிவுட்டுட்ட."

மூட்டை

என் வேலை உறுதியாகிவிட்டது. கடிதத்தைக் கொடுக்கும்போது ராகவன் சார் காரணத்தையும் சொன்னார். ஷம்சா மேடம் என் கையெழுத்து இருந்தால் ஃபைலைக் கொஞ்சம் நம்பிப் படிக்கிறாராம். விஷயம் தேரா வரை பரவி, புதிய வாடிக்கையாளர்கள் "அந்த நேர்மையான பையன்தான் வேணும்" என்று கேட்டு வருகிறார்கள். வருகிறவர்கள் பேரீச்சம்பழப் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு, நான் நேர்மையாக என்ன எழுத வேண்டும் என்று விளக்குகிறார்கள்.

போன வாரம் சாகுல் பாய் வந்தார். முகத்தில் பழைய மலர்ச்சி திரும்பியிருந்தது. பட்டறைச் சுவரோரம் தூசு மூட்டைகள் கூரை வரை ஏறிவிட்டனவாம். அதை சாதாரணக் குப்பையில் போடக் கூடாது. அனுமதி பெற்ற கம்பெனிதான் எடுக்க வேண்டும். அதுவரை பட்டறையிலேயே வைத்திருக்கவும் விதி இடம் தரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்தார்.

"உண்மையவே எழுதுங்க தம்பி, எனக்கு ஒண்ணும் ஆட்சேபனை இல்ல. ஆறே ஆறு மாசம் மட்டும் கேளுங்க."

ஆக, அல் கூஸ் வானத்தில் இருந்த புகை இப்போது மூட்டைக்குள் இருக்கிறது, மூட்டைக்கான விண்ணப்பம் என் மேஜையில் இருக்கிறது, நான் மறுபடியும் பேனா மூடியைத் திறக்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.